ஹாஜியார் வீட்டு வாகை

மரத்தில் ஏறத் தெரியாத ஒரு மனிதன் மரம் வெட்டும் தொழில் தொடங்கினால் அவனை என்னவென்று சொல்வது? அப்படிப்பட்ட ஒருவரைத்தான் நான் கலியாணம் முடித்தேன். பெயர் ஜவுபர். கூரையில் ஓடு மாற்ற ஏணியில் நாலு படி ஏறினாலே தலைச்சுத்து வந்து, ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "சரீபா, சரீபா" என்று என்னைக் கூப்பிடுகிற ஆள். அந்த மனிதர்தான் சாய்ந்தமருது முழுக்க, "கூரைக்கு மேல சாயிற மரம், கரண்ட் கம்பியில முட்டுற கொப்பு, எதெண்டாலும் என்னட்டச் செல்லுங்க" என்று சொல்லித் திரிந்தார். ஊர்ச்சனம் சும்மா விடுமா. "ஜவுபர்ர மரக் கொம்பனி" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கொம்பனி என்றால் என்ன இருந்தது? கோடரி, கைவாள், தும்புக் கயிறு, பழைய லொறியிலிருந்து கழற்றிய கம்பிக்கயிறு ஒரு சுருள், ஒரு கப்பி, ஒரு சைக்கிள். மரத்தில் ஏறுவதற்குக் குணம். கயிற்றுக்கு எண்ணெய் போடுவதும், வேலை சொல்ல வருகிறவர்களோடு வாய்ச்சண்டை பிடிப்பதும் என் பொறுப்பு. இரண்டாவது வேலைக்கு என்னை விட்டால் இந்தக் கல்முனைப் பக்கத்தில் ஆள் இல்லை என்று என் புருஷன் பெருமையாகச் சொல்வார்.

மாரி தொடங்கினால் எங்களுக்கு வாழ்வு. கோடை முழுக்க மரத்தை அண்ணாந்தும் பார்க்காத சனம், முதல் காற்று அடித்து ஓடு பறந்ததும் விழுந்தடித்துக்கொண்டு வரும். கோடையில் ஈ ஓட்டுவோம். தென்னைக்கு வண்டு விழுந்தால் குருத்தில் உப்பும் மணலும் போட்டுக் கொடுக்கிற வேலை கிடைக்கும். அதற்கும், "உப்பு நான் தாறன், மணல் கடக்கரையில கிடக்கு, உங்களுக்கு எதுக்குக் கூலி" என்று கேட்ட மகராசிகள் உண்டு. ஒருமுறை வெட்டிய கொப்பு பக்கத்து வளவுக் கிணற்றுக்கட்டில் விழுந்து, அந்த மாத உழைப்பெல்லாம் சீமெந்தாகப் போனது. பிறகு ஆமிக் காம்ப்காரர்கள் பாதையோர மரங்களைத் தாங்களே தறித்து வெளியாக்கத் தொடங்கினார்கள். மரத்துக்குப் பின்னால் யாரும் மறைந்து நிற்கக் கூடாதாம். எங்கள் வேலையில் பாதி அதோடு போனது. சண்டைக் காலத்தில் மரத்தை வைத்துப் பிழைக்கிறவன் மரத்துக்கு மட்டும் பயந்தால் போதாது என்று நான் அப்போதே சொன்னேன். கேட்க ஆள் இல்லை.

குணம் பாண்டிருப்பு ஆள், தமிழன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். தொண்ணூறில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்த கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் அவர்களின் தெருவுக்கும், அவர்கள் எங்கள் தெருவுக்கும் போக யோசித்த காலம் அது. அவன் மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில், சோதனைச் சாவடி திறந்த பிறகு, கல்முனை பசாரைத் தாண்டி சைக்கிளில் வருவான். தோளில் கயிறு மாலை மாதிரிக் கிடக்கும். வாசலில் நின்று, "ராத்தா, தேத்தண்ணி ஊத்தினா நானும் குடிப்பன்" என்பான். எங்கள் ஆட்கள் அக்காவையும் அண்ணனையும் கூப்பிடுகிற மாதிரியே என்னை 'ராத்தா' என்றும் என் புருஷனைக் 'காக்கா' என்றும் கூப்பிடப் பழகியிருந்தான். அவனோடு சேர்ந்து தொழில் செய்வதைப் பற்றி எங்கள் தெருவில் பேச்சு இருந்தது. அவனுடைய தெருவிலும் இருந்திருக்கும். அவனும் என் புருஷனும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

அவர்கள் வேலை செய்யும் விதம் ஒரு தனி விதம். மேலே ஏறிவிட்டால் கடல்காற்றில் கீழே கத்துவது கேட்காது. கேட்கும்படி கத்தினால் காவல்நிற்கிறவன் சுடுவதற்குத் துவக்கைத் திருப்புவான். அதனால் என் புருஷன் கீழே சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்று மணி அடிப்பார். ஒரு தரம் அடித்தால் நில். இரண்டு தரம் அடித்தால் வெட்டு. விடாமல் அடித்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறங்கு. அந்த மணிக்குக் கட்டுப்பட்டுத்தான் குணம் எத்தனையோ கூரைகளுக்கு மேலே நின்று வேலை பார்த்தான்.

இன்னொரு பழக்கம் குணத்துடையது. பழைய மரம் என்றால் முதல் நாள் பின்னேரம் அடிமரத்தில் கோடரியைக் குத்தி, பக்கத்தில் குங்குமம் தொட்டு வைப்பான். "நாளைக்கு வெட்டப் போறம். இருக்கிற ஆக்கள் இண்டைக்கே வேற இடம் பாருங்க" என்று மரத்திடம் சொல்வான். விடியக் கோடரி விழாமல் நின்றால் சம்மதம் என்று அர்த்தம். என் புருஷன் அந்த நேரம் மற்றப் பக்கம் திரும்பி நின்று தனக்குள் ஓதிக்கொள்வார். "அவன்ட மனசு ஆறாம அவன மரத்தில ஏத்த ஏலா, சரீபா" என்பார்.

மீராசாஹிபு ஹாஜியார் வீடு பெரிய பாதையோரம். மதிலோடு ஒரு வாகை, அவருடைய வாப்பா காலத்து மரம். அதன் பெரிய கொப்பு ஒன்று குசினிக் கூரைக்கு மேலே வந்து, போன மழையில் வெடிப்பும் கண்டிருந்தது. ஹாஜியார் ஆள் மேல் ஆள் அனுப்பி அவசரப்படுத்தினார். இரண்டு பேரும் பின்னேரம் போனார்கள். கொப்பு கூரையில் விழாமல் இந்தப் பக்கம் இழுத்து விழுத்த வேண்டும். அதற்காகக் குணம் ஏறிக் கம்பிக்கயிற்றைக் கொப்பில் கட்டினான். கீழ் நுனியைப் பாதையோர வடிகாலை ஒட்டிக் கொண்டுபோய் மதகுக் கட்டையில் சுற்றினார்கள். காலையில் வந்ததும் வெட்டலாம் என்று எண்ணம். குணம் வழக்கம்போலக் கோடரியைக் குத்திக் குங்குமம் வைத்தான். மழை தூறத் தொடங்கியது. புறப்படும்போது என் புருஷனுக்கு ஒரு நல்ல மனசு வந்தது. இரவில் சைக்கிளில் போகிறவர்கள் கம்பியில் தடுக்கி விழுந்துவிடுவார்களே என்று, அதை வடிகால் ஓரமாகக் காலால் அமுக்கி மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தார்.

வீட்டுக்கு வந்து இதை அவர் பெருமையாகச் சொன்னபோது நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். "நல்ல வேல" என்றேன். எனக்கும் உறைக்கவில்லை. பெரிய பாதையோரம், மண்ணுக்குள் மூடிய கம்பி, மரத்தில் ஒரு சிவப்பு அடையாளம். அதை வேறு கண்கள் எப்படிப் பார்க்கும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

காலையில் சுபஹு தொழுதுவிட்டு அவர் குணத்துக்கு முந்திப் போனார். நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். மகள் ஹிமாயா இன்னும் எழும்பவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு, குணம்தான் என்று நினைத்துத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். வந்தது ஷரிபுதீன்.

ஷரிபுதீன் பக்கத்துத் தெரு. ஊர்காவல் படையில் இருந்தான். காம்ப்காரர்களோடு ரோந்து போகிறவன், சிங்களம் பேசுவான். அவனுடைய காக்கா வயலுக்குப் போய்த் திரும்பி வராதவர். அதற்குப் பிறகு பாண்டிருப்பு என்ற பெயரையே அவனுக்குக் காதில் கேட்க ஆகாது. எங்கள் வாசலில் குணம் தேத்தண்ணி குடிப்பதைக் காணும் நேரமெல்லாம் நிலத்தில் துப்பிவிட்டுத்தான் போவான்.

"ராத்தா, வாங்க. மச்சானப் புடிச்சு வெச்சிரிக்கானுகள்" என்றான்.

"ஆரு? எங்க?"

"ஹாஜியார்ர வாகைக்குக் கீழ. கண்ணிவெடிக் கம்பி எண்டு பாதைய மூடிட்டானுகள். கம்பி ஆர்ர எண்டு ஹாஜியாரக் கேட்டாங்க. அவர் நடுங்கிப் போய் மச்சான்ட பேரச் செல்லிட்டார். அந்த நேரம் பாத்து மச்சானும் போய்ச் சேந்திட்டார்."

கோப்பை என் கையிலிருந்து எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. பிள்ளையை அடுத்த வீட்டில் தூக்கிக் கொடுத்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நடந்தேன். கால் மண்ணில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வாயில் எச்சில் இல்லை. ஓதலாம் என்றால் எந்த ஆயத்தும் முழுதாக வரவில்லை, பாதியில் பாதியில் அறுந்தது.

ஷரிபுதீன் எனக்கு முன்னால் போனான். திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

"கம்பியக் கட்டினது ஆரெண்டு கேக்கானுகள். மச்சான் வாயத் தொறக்கிறாரில்ல."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"ஏறுறவன் ஆரெண்டு எனக்குத் தெரியாதா, ராத்தா? அவன்ட பேரச் செல்லிட்டா மச்சான உட்டிருவானுகள். நான் இன்னம் செல்லல்ல. நான் செல்லிட்டா, ஏன் ஒளிச்சாய் எண்டு மச்சானுக்குத்தான் அடி விழும். அவர்ர வாயால வரட்டும். இல்லாட்டி உங்கட வாயால வரட்டும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பெயரைச் சொன்னால் புருஷன் வீட்டுக்கு வருவார். பெயருக்குரியவன் வரமாட்டான். பாண்டிருப்பில் இருந்து ஒரு தமிழ்ப் பொடியன் எங்கள் பாதையோரம் கம்பி கட்டினான் என்று கேட்ட பிறகு, அது கொப்பு வெட்டக் கட்டிய கம்பி என்பதை யார் நின்று கேட்பார்கள்? போதாக்குறைக்கு, குணம் இப்போது பசாரைத் தாண்டி சைக்கிளில் வந்துகொண்டிருப்பான். தோளில் அந்தக் கயிற்றோடு.

வாகைக்கு அடியில் என் புருஷன் முழங்காலில் இருந்தார். கையிரண்டும் பிடரியில். உடுத்திருந்த சாரம் முழுக்கச் சேறு. பாதையின் இரண்டு பக்கமும் சனத்தை மறித்து வைத்திருந்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து தோண்டி எடுத்த கம்பி வளைந்து நெளிந்து கிடந்தது. கோடரி மரத்தில் குத்தியபடியே நின்றது. மழையில் குங்குமம் கரைந்து அடிமரத்தில் சிவப்பாக வழிந்திருந்தது. நான் பார்த்ததும் எனக்கே அது இரத்தமாகத் தெரிந்தது என்றால், அவர்களை என்ன சொல்ல.

காம்ப்காரர்களுக்குப் பெரியவன் ஒரு மாத்தயா, சிங்களத்தில் துரை என்கிற மாதிரி. உயரமான ஆள், சத்தம் போடாமல் பேசினான். சத்தம் போட்டிருந்தால் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும். ஷரிபுதீனிடம் ஏதோ கேட்டான். ஷரிபுதீன் என்னைக் காட்டிப் பதில் சொன்னான். எனக்குச் சிங்களம் என்றால் கடையில் கேட்கிற நாலு சொல்தான் தெரியும். அந்தப் பேச்சுக்குள் 'குணம்' என்ற ஒரு சொல் வருகிறதா என்று மட்டும் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

"கம்பி எதுக்கெண்டு மாத்தயா கேக்காரு" என்றான் ஷரிபுதீன்.

"கொப்பு கூரையில உழாம இழுக்க. மரம் வெட்டுறதுதான் எங்கட தொழில். ஊரில ஆரக் கேட்டாலும் செல்லுவாங்க."

"மண்ணுக்குள்ள மூடினது?"

"சைக்கிள்காரன் தடுக்கி உழுவான் எண்டு இந்த மனிசன் மூடினது. மூளையில்லாத மனிசன் எண்டு செல்லு தம்பி."

அதை அவன் அப்படியே சொன்னானோ என்னவோ, மாத்தயாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மேலே கொப்பில் கட்டியிருந்த கம்பியை விரலால் காட்டினான். அடுத்த கேள்வி.

"மேல ஏறிக் கட்டினது ஆரெண்டு கேக்காரு, ராத்தா."

ஷரிபுதீன் என் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது நீங்கள்தான் என்பதுபோல. பெயர் என் தொண்டைவரை வந்துவிட்டது. சத்தியமாக வந்துவிட்டது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதால்தான் அது வெளியே வரவில்லை.

"நான்தான் ஏறின" என்றார் என் புருஷன், முழங்காலில் இருந்தபடியே.

மாத்தயா அவரை மேலும் கீழும் பார்த்தான். வயிறு முன்னால் தள்ளிய, மூச்சிரைக்கிற, நடுங்கிக்கொண்டிருந்த மனிதர். ஷரிபுதீனிடம் இரண்டு வார்த்தை சொன்னான்.

"அப்ப ஏறிக் காட்டட்டாம். ஏறி அந்தக் கொப்ப வெட்டட்டாம்."

அவரை எழுப்பி விட்டார்கள். ஏணியும் கயிறும் கைவாளும் ஹாஜியார் வீட்டு மதிலோடு இருந்தன. இடுப்பில் கயிறு கட்ட நான் அவருக்குக் கிட்டப் போனேன். யாரும் தடுக்கவில்லை. முடிச்சுப் போடுகிற சாட்டில் வாயை அசைக்காமல் கேட்டேன்.

"மச்சான், செல்லட்டா?"

"வாய மூடு."

"ஏணியில ஏறினாலே உங்களுக்குத் தல சுத்தும்."

"அவனுக்குப் புள்ள ரெண்டு."

"நமக்கும் ஒண்டு இரிக்கி."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். "அதாலதான் செல்றன், முடிச்ச இறுக்கிக் கட்டு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே அடிக்கலாம் போல இருந்தது. காலமெல்லாம் கீழே நின்று மணி அடித்த மனிதருக்கு இன்றைக்கு வந்த வீரத்தைப் பாருங்கள். முடிச்சை இறுக்கினேன். இரண்டு தரம் அவிழ்ந்து, மூன்றாம் தரம்தான் நின்றது.

அவர் ஏறினார். ஏணி முடிந்து, முதல் கவட்டில் கால் வைத்தபோது மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். காம்ப்காரன் ஒருத்தன் துவக்கை மேலே பிடித்திருந்தான். பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணை மூடிக்கொண்டு ஏறுகிறார் என்றே நினைக்கிறேன், இலைக்குள் போய் மறைந்தார். கொப்பு முறியும்போது கம்பியை இழுக்க ஆள் வேண்டும். ஷரிபுதீன் துவக்கை முதுகில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தான். அவனுக்குப் பின்னால் நானும் பிடித்தேன். பெண்பிள்ளை கம்பி இழுக்கிறாள் என்று சொல்ல அன்றைக்கு ஒரு வாயும் திறக்கவில்லை.

அந்த நேரம்தான் மறித்து நின்ற சனத்துக்குள் ஒரு சைக்கிள் வந்து நின்றது. குணம்.

ஒரு காலை நிலத்தில் ஊன்றி, மரத்தை அண்ணாந்து பார்த்தான். இலைக்குள் அசைவது யார் என்று அவனுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். முகம் வெளிறிப் போனது. சைக்கிளை விட்டு இறங்கி ஒரு அடி முன்னால் வைத்தான். அவனுடைய வாய் 'ராத்தா' என்று திறக்கப் போனது. அந்த ஒரு சொல் வெளியே வந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"என்ன வாயப் பொளந்துக்கு நிக்காய்?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "மனிசன் மரத்தில ஏறுறது உனக்குக் கூத்தா? முன்னப் பின்னப் பாத்ததில்லையா? போ, வந்த வழியால போ."

அவன் திகைத்துப்போய் நின்றான்.

"போ எண்டா போ" என்று காலடியில் கிடந்த மண்கட்டியை எடுத்து எறிந்தேன். அது அவன் நெஞ்சில் பட்டு உடைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்போதுதான் அவன் என் கண்ணைப் பார்த்தான். தோள் கயிற்றை மெதுவாகக் கழற்றிச் சைக்கிள் கூடைக்குள் போட்டான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான்.

எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்திருந்த ஷரிபுதீன் தலையைத் திருப்பி அவன் போவதையே பார்த்தான். அவனுடைய பிடரி நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. என்னிடம் இருந்த பயமெல்லாம் மரத்தை விட்டு இந்தப் பிடரிக்கு வந்து சேர்ந்தது. அவன் ஒரு சொல் சொன்னால் போதும். துரத்திப் பிடிக்க ஜீப் அங்கேயே நின்றது.

மேலே வாள் இழுபடுகிற சத்தம் தொடங்கியது. மரத்தூள் என் முக்காட்டில் விழுந்தது. அவர் இலைக்குள் எங்கே எப்படி இருக்கிறார் என்று நேர்கீழே நின்ற எங்களுக்குத் தெரியவில்லை. வாள் கரகரவென்று போய்க்கொண்டிருந்தது. வெடிப்புக் கண்ட கொப்பு, சீக்கிரம் முறியும் என்று நினைத்தேன்.

மணி அடித்தது. சைக்கிள் மணி. ஒரு தரம்.

வாள் நின்றது.

சத்தம் பாதையின் அந்தப் பக்கம், பூட்டிக் கிடந்த கடையின் தாழ்வாரத்திலிருந்து வந்தது. அவன் போகவில்லை. தூரத்தில் நின்றவனுக்குத்தான் மரம் முழுதாகத் தெரிந்தது. மேலே என் புருஷன் அசைவதும், மூச்சு வாங்குவதும், "யா அல்லாஹ்" என்று சொல்வதும் கேட்டது. என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் சொன்னார். பயத்தில் கைக்கு எட்டிய கொப்பைச் சுற்றி இடுப்புக் கயிற்றைக் கட்டியிருக்கிறார். அது வெட்டிக்கொண்டிருந்த அதே கொப்பு. முறிந்திருந்தால் கொப்போடு அவரும் வந்திருப்பார். மணி கேட்ட பிறகுதான் பார்த்து, அவிழ்த்து அடிமரத்தில் மாற்றிக் கட்டினாராம்.

மாத்தயா மணிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். ஷரிபுதீனைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். குரல் முன்பு மாதிரியே சத்தமில்லாமல் இருந்தது. அது என்ன கேள்வி என்று விளங்க எனக்குச் சிங்களம் தேவைப்படவில்லை.

ஷரிபுதீன் தாழ்வாரத்தில் நின்ற சைக்கிளைப் பார்த்தான். பிறகு மேலே இலைக்குள் பார்த்தான். கம்பியைப் பிடித்திருந்த அவனுடைய கையும் என் கையும் ஒட்டினாற்போல இருந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்திருந்தேன். இப்போது வரப்போகிறது அந்தப் பெயர். இப்போது. அவன் குரல் வந்தது. சிங்களத்தில் ஏதேதோ சொன்னான். அந்தப் பேச்சுக்குள் எனக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல் வந்தது.

பாண்.

பேக்கரியில் சுடுகிற பாண் எங்களுக்கும் பாண்தான், அவர்களுக்கும் பாண்தான். காலையில் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு பாண்காரன் வராத தெரு எங்கே இருக்கிறது? நான் கண்ணைத் திறந்தபோது மாத்தயா தலையாட்டிவிட்டு மரத்தின் பக்கம் திரும்பினான். கம்பியை மறுபடி இறுக்கிப் பிடித்தேன்.

மணி மறுபடியும் அடித்தது. இந்த முறை இரண்டு தரம். வாள் ஓடத் தொடங்கியது.

கொப்பு முறிகிற சத்தம் கேட்டதும் ஷரிபுதீன் "இழுங்க, ராத்தா" என்றான். உயிரைக் கொடுத்து இழுத்தேன். அது கூரையைத் தொடாமல் சுழன்று மதிலுக்கு வெளியே வந்து விழுந்தது. துவக்குப் பிடித்திருந்தவன் பின்னால் பாய்ந்தான். தூசி அடங்கியபோது மாத்தயா கொப்பைச் சுற்றி நடந்து, கம்பிக் கட்டைப் பார்த்து, கூரையைப் பார்த்து, முதல்முறையாகச் சிரித்தான். ஹாஜியாரும் சிரித்தார். நடுங்கிப்போய் எங்களைக் காட்டிக் கொடுத்த மனிதர், இப்போது எல்லாருக்கும் தேத்தண்ணி போடச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்தார். அவருடைய தேத்தண்ணியை அவருடைய தலையிலேயே ஊற்றலாம் போல இருந்தது.

என் புருஷன் இறங்கி வந்து வேரில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். மாத்தயா ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஷரிபுதீனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

"நாளைக்கு விடியக் காம்புக்கு வரட்டாம்" என்றான் ஷரிபுதீன். "வேலியச் சுத்தி நிக்கிற மரமெல்லாம் கொப்பு வெட்டணுமாம். கூலி குடுப்பாங்களாம். இண்டைக்கு ஏறின ஆள்தான் ஏறணுமாம்."

பாருங்கள், எங்கள் கொம்பனிக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை அதுதான். நான் அல்லாஹ்விடம் கேட்ட வேலையும் அதுதான், வேலை இல்லாத கோடைகளில். கேட்டதை இப்படியா தருவான்.

சனம் கலைந்தது. தாழ்வாரத்தில் சைக்கிள் இல்லை. ஷரிபுதீன் மரத்தடிக்குப் போய், குத்தி நின்ற கோடரியை ஆட்டிப் பிடுங்கினான். பிடியில் குணம் தன் பிள்ளைகளின் முதலெழுத்துகளைச் சுட்டு வைத்திருந்தான். ஷரிபுதீன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னிடம் நீட்டினான்.

"பாண்காரனுக்கு ஆரிட்டயும் செல்லி அனுப்புங்க, ராத்தா. இனி இந்தப் பக்கம் வரப்படாது. இண்டைக்கு என்ட வாயில பாண் எண்டு வந்திட்டு. நாளைக்கு என்ன வரும் எண்டு எனக்கே தெரியா."

சொல்லிவிட்டு நிலத்தில் துப்பாமல் போனான். அந்த மனிதனுக்கு நன்றி சொல்வதா, அவனைக் கண்டு பயப்படுவதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டையும் சேர்த்தே செய்தேன்.

கோடரியைச் சாக்கில் சுற்றி நெல்மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். மீன்காரி ஒருத்தியிடம் பாண்டிருப்புக்குச் சொல்லி அனுப்பினேன், வரவேண்டாம் என்று. "ஓமாம், விளங்கினதாம். காக்காவக் கயித்த அடிமரத்தில கட்டச் சொல்லட்டாம், கொப்பில கட்ட வேணாமாம்" என்று பதில் கொண்டுவந்தாள். அதைக் கேட்டதும் அதுவரை வராத அழுகை எனக்கு வந்தது. என் புருஷன் சாப்பிடவில்லை. "கீழ ஆரு மணி அடிக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் விடிய, எங்கள் சைக்கிளில் இருந்து மணியைக் கழற்றினேன். மகளை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் நடந்தேன். காம்ப் வாசலில் ஷரிபுதீன் நின்றான். எங்களைத் தெரியாதவன் போல மற்றப் பக்கம் பார்த்தான். கம்பி வேலிக்கு உள்ளே நிறைய மரம் நின்றது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு துவக்கு நின்றது. முதல் மரத்தடியில் முடிச்சை நான் இறுக்கிக் கட்டினேன். "அடிமரத்தில" என்றேன். "ஓம்" என்றார். அவர் ஏறத் தொடங்கினார், கீழே பார்க்கவில்லை.

மணி என் கையில் இருந்தது. அது தானாக அடித்துவிடக் கூடாதே என்று மற்றக் கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன்.